மார்லீஸுக்கு முன் இருந்த 14 வருடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ரொறன்ரோ மார்லீஸ் ஐஸ் ஹொக்கி அணியைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நம்முடைய பிள்ளைகள் இந்த விளையாட்டை விரும்பிப் பார்க்கிற காலத்தில் தமிழில் இப்படி எழுதுவது நல்ல காரியம். 2018 இல் டெக்ஸாஸ் ஸ்டார்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் வென்று அமெரிக்க ஹொக்கி லீக்கின் கால்டர் கிண்ணத்தைத் தூக்கியது வரை எல்லாம் வந்திருந்தது. ஒரு வரி மட்டும் மனதில் முள்ளாகக் குத்திவிட்டது. "இந்த அணி 2005 இல் தொடங்கப்பட்டது" என்று எழுதியிருந்தீர்கள்.

2005 இல் அந்த அணி ரொறன்ரோவுக்குக் குடிவந்தது. அதற்கு முன் 1991 இலிருந்து 14 பருவகாலம் அது நியூபவுண்ட்லாந்துத் தீவின் சென் ஜோன்ஸ் நகரில் இருந்தது. அப்போது அதன் பெயர் சென் ஜோன்ஸ் மேப்பிள் லீஃப்ஸ். ரொறன்ரோவின் பெரிய அணியான மேப்பிள் லீஃப்ஸுக்கு இளம் வீரர்களைத் தயாராக்கும் அணி அது, இன்றும் அப்படித்தான். சென் ஜோன்ஸ் என்றவுடன் நம்மவர்கள் பலர் யாழ்ப்பாணத்துப் பரியோவான் கல்லூரியைத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது கனடாவின் கிழக்கு ஓரத்தில், அத்திலாந்திக்கைப் பார்த்தபடி இருக்கும் ஊரை. அதற்கும் முன்னால் இதே அணி நியூமார்க்கெட்டிலும், அதற்கு முன் சென் கதரின்ஸிலும் வேறு பெயரில் ஆடியது. அந்த இரண்டு ஊர்களைப் பற்றி அங்கே இருந்தவர்கள் எழுதட்டும். நான் சென் ஜோன்ஸில் ஏழு வருடம் வாழ்ந்தேன். அதில் நான்கு பனிக்காலம், அணி ஆடிய மெமோரியல் ஸ்ரேடியத்தின் கன்ரீனில் வேலை செய்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் மெமோரியல் பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு வந்தது 1991 செப்டெம்பரில். நானும் ஆறு வயது மகனும் கூடவே வந்தோம். ஊரில் ஒருவரையும் தெரியாது. அடுத்த மாதம் அணியும் வந்து ஆடத் தொடங்கியது. அந்த ஊருக்கு நாங்களும் புதிது, அவர்களும் புதிது. மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து முதல் முதலாக ஆங்கிலத்தில் முழுசாகச் சொன்ன வசனமே லீஃப்ஸ் வென்றுவிட்டது என்பதுதான்.

அந்த ஸ்ரேடியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிடி விடி ஏரிக்கரையில் 1955 இல் திறந்தது. பெயரே சொல்கிறபடி, போர்களில் இறந்த தீவு மக்களின் நினைவாக எழுப்பியது. நாலாயிரம் பேருக்கு இடம் இருக்காது. மேல் வரிசையில் இருப்பவருக்கும் ஐஸ் பக்கத்தில்தான் தெரியும். நான் மாலை ஐந்து மணிக்குப் போய் எண்ணெய்ச் சட்டியைச் சூடாக்க வேண்டும். சிப்ஸ், ஹொட் டோக், தேநீர், ஹொட் சொக்லேற், இவ்வளவும்தான் விற்பனை. சிப்ஸுக்கு அந்த ஊர்க்காரர் வினாகிரியை அள்ளி ஊற்றுவார்கள். வீட்டுக்கு வந்து தலைமுடியைக் கழுவினாலும் அந்த மணம் போகாது. இடைவேளை 15 நிமிடம். அந்தப் 15 நிமிடத்தில் பாதிச் சனம் எங்கள் ஜன்னல் முன்னால் நிற்கும். பிறகு ஆட்டம் தொடங்கினால் ஒருவரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் நான் ஹொக்கி படித்தேன். கன்ரீனின் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் ஒரு கோல் கம்பமும், அதற்குப் பின்னால் உள்ள மூலையும் மட்டும் தெரியும். மிச்ச ஐஸ் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம். பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு அந்த மூலைக்கு வந்தால் பின்னாலேயே இரண்டு பேர் வந்து பலகையில் மோதுவார்கள். அந்த அதிர்ச்சியில் தட்டில் அடுக்கி வைத்த கடதாசிக் கோப்பைகள் நடுங்கும். பக்கைக் காலால் நிறுத்தித் தடியால் இழுத்து, முழங்கையால் மற்றவனைத் தள்ளி வெளியே எடுக்கிறவன் யார், பயந்து தள்ளிவிட்டு ஓடுகிறவன் யார் என்று ஒரு மாதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூலையில் நிற்கத் தெரியாதவன் ரொறன்ரோவுக்குப் போகமாட்டான் என்று என்னோடு வேலை செய்த அம்மா சொல்லுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அந்த அம்மா என்னை "மை லவ்" என்றுதான் கூப்பிடுவார். அது அந்த ஊர் வழக்கம், நம்மூரில் "பிள்ளை" என்று கூப்பிடுகிற மாதிரி. நான் இலங்கைத் தமிழ் என்று சொன்ன முதல் நாள், "படகில் வந்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். 1986 ஓகஸ்டில் உயிர்காப்புப் படகுகள் இரண்டில் நடுக்கடலில் விடப்பட்ட நம்மவர்கள் 155 பேரை, கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு காப்பாற்றிய கதை. அவர்களைச் சென் ஜோன்ஸுக்குக் கொண்டுவந்து, என் கணவர் படித்த அதே பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதியில்தான் தங்க வைத்தார்கள். பெரும்பாலோர் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்கள். ஆனால் ஐந்து வருடம் கழித்து வந்த எனக்கு, விமானத்தில் வந்த எனக்கு, அந்த ஊரில் ஏற்கெனவே ஒரு இடம் போட்டு வைத்திருந்தது. உங்கள் வாசகர்கள் அந்த 155 பேரை மறந்திருக்கமாட்டார்கள். அவர்களைக் கரைசேர்த்த மக்களுக்கு ஒரு அணி இருந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும் என்பது என் ஆசை.

அந்த முதல் பருவகாலம் என்ன பருவகாலம்! பயிற்சியாளர் மார்க் குரோஃபோர்ட்டுக்கு அப்போது முப்பது, முப்பத்தொரு வயது இருக்கும். 1996 இல் கொலராடோ அணிக்குப் பெரிய லீக்கின் ஸ்டான்லி கிண்ணம் வாங்கிக் கொடுத்த அதே குரோஃபோர்ட்தான். கோல் காப்பாளர் ஃபெலிக்ஸ் பொட்வின், 20 வயதுப் பையன். அந்த வருடம் அமெரிக்க ஹொக்கி லீக்கின் சிறந்த புதுமுகம், சிறந்த கோல் காப்பாளர் என்ற இரண்டு விருதும் அவருக்குத்தான். ஒரு ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்று, ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் பக்கம் மாறும். என் கதவிடுக்கில் தெரிந்த அந்தக் கோல் கம்பம் இரண்டு பகுதிகளுக்கு எதிரணிக்கு, ஒரு பகுதிக்கு அவருக்கு. அவர் நிற்கிற அந்த 20 நிமிடத்தில் கன்ரீனில் யாரும் பேசமாட்டோம். மற்றவர்கள் கோலை விட்டு முன்னால் வந்து மறிப்பார்கள். அவர் கோட்டோடு ஒட்டி, குனிந்து, பக் தன்னிடம் வரும்வரை காத்திருப்பார். அடுத்த வருடம் அவர் ரொறன்ரோவின் பெரிய அணிக்குப் போனார். 1993 இல் அந்த அணி லொஸ் ஏஞ்சலிஸோடு ஏழாவது ஆட்டம் வரை போராடியபோது கோலில் நின்றவர் அவர்தான். ரொறன்ரோக்காரர் இன்றும் 1993 ஐப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பையன் முந்திய பனிக்காலத்தை எங்கே கழித்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதல் வருடமே இறுதிச் சுற்று. 1992 இல், நியூயோர்க் மாநிலத்து கிளென்ஸ் ஃபோல்ஸ் ஊரின் அடிரொண்டாக் ரெட் விங்ஸ் அணியோடு. ஏழு ஆட்டம் போனது. ஏழிலும் வெளியிலிருந்து வந்த அணிதான் வென்றது. கால்டர் கிண்ண இறுதியில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். அவர்கள் ஊரில் மூன்று ஆட்டத்தையும் நாங்கள் வென்றோம். எங்கள் ஊரில் நான்கையும் தோற்றோம். ஏழாவது ஆட்டம் எங்கள் ஸ்ரேடியத்தில். கடைசிப் பகுதி முடிந்தபோது நான் கதவருகில் நின்றேன். சனம் கலையவில்லை. எதிரணி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வரும்போது எங்கள் சனம் எழுந்து நின்று கை தட்டியது. என்னோடு வேலை செய்த அம்மா ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சிய சிப்ஸ் எல்லாவற்றையும் வெளியே போகிற சின்னப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்தார். நானும் கொடுத்தேன். யாரும் எங்களிடம் கணக்குக் கேட்கவில்லை.

சில வாரங்களில் யூலை 2 வந்தது. கொட் மீன் பிடிப்பதற்கு மத்திய அரசு தடை போட்டது. கடலில் மீன் அவ்வளவு குறைந்துவிட்டது. மீனவர்கள், மீன் தொழிற்சாலைக்காரர் என்று 30,000 பேர் அளவில் ஒரே அடியாக வேலை இழந்தார்கள். கனடாவின் வரலாற்றில் அவ்வளவு பெரிய வேலை நீக்கம் அதற்கு முன் நடந்ததில்லை. ஐந்நூறு வருடத் தொழில். எங்கள் கன்ரீன் அம்மாவின் கணவரும் மீன் தொழிற்சாலையில்தான் வேலை செய்தவர். அந்த வருடப் பனிக்காலத்தில் ஸ்ரேடியத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். வந்தார்கள். முன்னர் ஆளுக்கொரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிய குடும்பம் ஒன்றை வாங்கி நாலு பேர் சாப்பிட்டது. சில்லறையை எண்ணி வைக்கிற விரல்களில் குளிரில் வெடித்த பழைய காயங்களை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் வலை இழுத்த கைகளும் அப்படித்தான் இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், தமிழர்களுக்கு மட்டும் விளங்கக்கூடியது. நியூபவுண்ட்லாந்தின் நேரம் ரொறன்ரோவை விட ஒன்றரை மணித்தியாலம் முன்னால். அந்த அரை மணித்தியாலத்தைப் பார்த்துக் கனடாவில் எல்லோரும் ஆச்சரியப்படுவார்கள். நமக்கு அது புதிதில்லை, இலங்கை நேரத்திலும் அந்த அரை இருக்கிறது. நாங்கள் போன அந்தக் காலத்தில், பனிக்காலத்தில் கொழும்புக்கும் சென் ஜோன்ஸுக்கும் சரியாக ஒன்பது மணித்தியாலம் வித்தியாசம். ஆட்டம் முடிந்து, துடைத்துக் கழுவி வீட்டுக்கு வந்தால் இரவு பதினொன்று. கொழும்பில் காலை எட்டு. மணிக்கூட்டில் முள்ளைப் பார்த்து ஒன்பதைக் கூட்டினால் போதும். அக்காவுக்கு எடுப்பேன். அவர் முதலில் கேட்பது "சாப்பிட்டாயா?" அடுத்தது "உங்கட ஆட்கள் வென்றவையா?" ஹொக்கித் தடியைக் கண்ணால் கண்டிராத அக்கா.

ஏன் அணி போனது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நடந்தது இது. நாங்கள் வந்த காலத்தில் அத்திலாந்திக் கனடாவில் இந்த லீக்குக்கு நிறைய அணிகள் இருந்தன. ஹலிபக்ஸ், மொங்ரன், ஃபிரெடரிக்ரன், கேப் பிரெற்றன், பிறகு இளவரசர் எட்வேர்ட் தீவும் செயின்ற் ஜோனும். இந்தச் செயின்ற் ஜோன் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ளது, எங்கள் ஊர் அல்ல. இரண்டு ஊரும் மோதும்போது வானொலியில் கேட்கிறவருக்குத் தலை சுற்றும். இந்த அணிகள் பக்கத்தில் இருக்கும்வரை சென் ஜோன்ஸுக்கு வருவது கஷ்டம் என்றாலும் முடிந்த காரியம். தீவுக்கு விமானம், அல்லது நோவா ஸ்கோஷியாவில் இருந்து ஆறேழு மணித்தியாலம் ஃபெரி, இறங்கிய பிறகு 900 கிலோமீற்றர் வீதி. அதனால் வருகிற அணி இரண்டு ஆட்டத்தைச் சேர்த்து ஆடிவிட்டுப் போகும். பனிமூட்டம் விழுந்தால் விமானம் இறங்காது.

பிறகு ஒவ்வொன்றாகப் போனது. ஹலிபக்ஸ் 1993 இல் கோர்ன்வாலுக்கு. மொங்ரன் 1994 இல் நின்றது. கேப் பிரெற்றன் 1993 இல் கால்டர் கிண்ணத்தையே வென்றது. மூன்று வருடத்தில் அது ஹமில்ரனுக்குப் போய்விட்டது. எட்வேர்ட் தீவும் 1996 உடன் சரி. ஃபிரெடரிக்ரன் 1999 இல் கியூபெக்குக்கு. செயின்ற் ஜோன் 2001 இல் கிண்ணம் வென்று 2003 இல் மூடியது. வென்ற ஊர்களே இழந்தன என்பதைக் கவனியுங்கள். கடைசி இரண்டு வருடம் அத்திலாந்திக் கனடாவில் மிஞ்சியது சென் ஜோன்ஸ் மட்டும்தான். கிட்டத்து அணி என்று ஒன்றும் இல்லை. ரொறன்ரோ நிர்வாகத்துக்கோ, காலையில் கூப்பிட்டால் மாலையில் வந்து ஆடக்கூடிய தூரத்தில் இளம் வீரர்கள் வேண்டும். எக்ஸிபிஷன் மைதானத்துப் பழைய கொலிசியமும் புதுப்பித்துக் காலியாக இருந்தது. அங்கே ஆடிய ரோட்ரன்னர்ஸ் அணி ஒரு பருவகாலத்திலேயே எட்மன்ரனுக்குப் போயிருந்தது. சென் ஜோன்ஸ் மக்கள் 2001 இல்தான் நகர நடுவில் மைல் வன் என்ற புது ஸ்ரேடியத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். நாலு வருடத்தில் அதில் ஆட அணி இல்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

நாங்கள் 1998 இல் கணவரின் வேலைக்காக ஒன்ராறியோ வந்துவிட்டோம். அதனால் 2005 இல் அணி எங்களைத் தேடி வந்த மாதிரி ஆயிற்று. மகனுக்கு இருபது வயது. மார்லீஸின் முதல் பருவகாலத்தில் நண்பர்களோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எனக்கு எல்லாம் கேட்க ஆவல். அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, பட்டி இல்லை" என்றான். பட்டி என்பது லீஃப்ஸின் பஃபின் பறவை வேடக்காரன். பஃபின் அந்த மாகாணத்துப் பறவை, கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் வர்ணச் சொண்டும். சின்னப் பிள்ளையாக அவன் பட்டியின் சிறகைப் பிடித்துக்கொண்டு எடுத்த படம் இன்னும் எங்கள் ஃபிரிஜ் கதவில் இருக்கிறது. ரொறன்ரோவில் நாய் வேடம். நல்ல நாய்தான். ஆனால் அன்று அவன் வேறு ஒன்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு சென் ஜோன்ஸுக்கு 2011 இல் ஐஸ்கப்ஸ் என்ற அணி வந்து, 2014 இல் இறுதிச் சுற்று வரை போய், 2015 இல் வினிபெக்குக்குப் போனது. அதே பெயரில் அடுத்து வந்த அணியும் 2017 இல் கியூபெக்கின் லவாலுக்குப் போனது. 2018 இல் ஒரு படி கீழே உள்ள லீக்கில் குரோலர்ஸ் வந்தது. வந்த முதல் வருடமே கெலி கிண்ணத்தை வென்றது. அந்த அணியும் 2024 இல் நின்றுபோனது.

2019 கோடையில், குரோலர்ஸ் வென்ற சில வாரங்களில், நானும் கணவரும் போயிருந்தோம். மெமோரியல் ஸ்ரேடியம் இப்போது டொமினியன் சுப்பர்மார்க்கெட். போர் நினைவிடத்தைக் கடையாக்க வேண்டாம் என்று ஊரில் நிறையப் பேர் சொன்னார்கள், நடக்கவில்லை. ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப் கார்டன்ஸுக்கும் இதே கதைதான், அதே குழுமத்தின் லொப்லோஸ் கடை. ஆனால் அங்கே ஐஸின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் தரையில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், போகிறவர்கள் நின்று படம் எடுக்கிறார்கள். சென் ஜோன்ஸில் நான் அப்படி ஒன்றைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. கணவர் வாசலில் இருந்து அடியெண்ணி நடந்து, கன்ரீன் இந்தப் பக்கமாகத்தான் இருந்திருக்கும் என்றார். பால் பெட்டிகள் அடுக்கிய இடம். குளிர்ப்பெட்டியின் காற்று காலில் பட்டது. நான் அங்கே நின்று, கோல் கம்பம் எந்தப் பக்கம் தெரிந்திருக்கும் என்று பார்த்தேன். உறைந்த பட்டாணிப் பைகள் இருக்கிற வரிசை. ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "மன்னிக்க வேணும், மை லவ்" என்று சொல்லி என்னைச் சுற்றிப் போனார்.

ஆகவே ஆசிரியரே, அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். மார்லீஸ் 2005 இல் ரொறன்ரோவுக்கு வந்தது, அதற்கு முன் 1991 முதல் 2005 வரை சென் ஜோன்ஸில் இருந்தது என்று ஆண்டுகளோடு போட்டால் போதும். இடம் இருந்தால் படமும் போடலாம். 1992 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்ட ரிக்கெற்றின் பாதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அன்று தரையைக் கூட்டும்போது கிடைத்தது, வினாகிரிக் கறை பட்டிருக்கிறது, ஆனால் எழுத்து தெரிகிறது. திருப்பித் தருவதாக இருந்தால் உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பேத்தி இந்தப் பனிக்காலம் ஸ்கேற் பழகத் தொடங்கியிருக்கிறாள். தமிழும் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். திருத்தம் வந்தால் அவளைக் கொண்டு வாசிக்க வைப்பதாக மகன் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி ஒருத்தி,
மார்க்கம்